பதினோராவது பெயர்

பெருக்கடி,
மன்னார்த் தீவு.
12.01.1967

இயேசு மரி சூசை

எங்கள் வம்சத்தில் கொழும்புக் கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்த முதல் ஆளும் என் அக்காவின் மகளும் என் ஏக மருமகளுமாகிய அன்ரோனெற்றுக்கு, பெருக்கடி மீனவர் சங்கத்தின் ஆயுட்காலக் காரியதரிசி கிறகரி மாமா எழுதுவது.

இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப்போகிறேன். அதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நீயும் நம்பமாட்டாய் என்று வேதப்புத்தகத்தில் கை வைத்து உறுதி கூறுகிறேன். ஆனாலும் முடியுமட்டும் வாசி.

முதலில் சுகசேதி. நான் சுகம். மாமி சுகம். கோழிகள் ஏழும் சுகம். உன் அம்மாவின் முழங்காலை மட்டும் தனியாக எடுத்து மடுமாதாவிடம் ஒப்புக்கொடுத்து நாள்தோறும் மன்றாடி வருகிறேன். குறைந்ததா என்று எழுதவும்.

இனிக் கதை. எங்கள் ஊர் மருத்துவமாது மாற்றலாகிப் போய் ஐந்து மாதம். பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. அவ இருந்த விடுதியில் இப்போது ஒரு கழுதை குடியிருக்கிறது. யன்னலுக்குள்ளால் தலையை நீட்டிக்கொண்டு, உத்தியோகத்தர் மாதிரி, வருவோர் போவோரைப் பார்க்கிறது. பிள்ளைப்பேறு என்றால் மாட்டுவண்டிலில் பேசாலைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து மன்னாருக்குப் போகவேண்டும். ஒக்ரோபரில் சிங்கராசாவின் பெண்சாதி றோசலின் வண்டிலிலேயே பெற்றாள். மாடு இரண்டும் அதன்பிறகு ஒரு கிழமை தீன் எடுக்கவில்லை.

ஆகவே ஒரு பெட்டிசம் எழுதி, நூற்றிப் பன்னிரண்டு ஒப்பம் வாங்கி, உங்கள் திணைக்களத்துக்கு அனுப்பியிருக்கிறேன். தமிழில் வருவதைச் சிங்களத்துக்கு மாற்றுகிற கதிரை உன்னுடையது என்பதால், அது உன் கையில்தான் விழும். முக்கியமான பகுதியை இங்கே தருகிறேன்:

‘மகா கனம் பொருந்திய ஐயா, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் விசேஷத்தால் இவ்வூரில் மாதமொன்றுக்கு நானூறு பிள்ளைகள் பிறக்கின்றன. பெண்களைச் சுமந்து சுமந்து தீவின் கழுதைகளெல்லாம் முதுகு வளைந்து, பேற்று நோவின் சத்தம் கேட்டாலே கண்ணீர் விடுகின்றன. மருத்துவமாது வரும்வரை நண்டுகளும் முட்டையிட மறுக்கின்றன. இவ்வளவும் போதாதென்று, கலியாணம் முடித்து இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளையில்லாதிருந்த நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணொருத்தியும் இப்போது பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள். இதற்கு மேலும் அத்தாட்சி வேண்டுமா ஐயா?’

எப்படி? கல்லும் கரையாதோ? பதினாலு வருடமாகப் பெட்டிசம் எழுதுகிற கை இது. இறங்குதுறைக்கு விளக்குக் கேட்டபோது நாற்பது மாங்கன்று வந்தது உண்மைதான். கழுதைகள் அவற்றைத் தின்றதும் உண்மைதான். ஆனால் என் எழுத்துக்கு ஒரு லொறி அசைந்ததல்லவா?

அக்காவுக்கு என் தோத்திரம்.

கிறகரி மாமா

•

கொட்டாஞ்சேனை,
27.01.1967

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் மாமியும் கோழிகளும் சுகமென்று அறிந்து சந்தோஷம். உங்கள் கடிதத்தை வாசித்து அம்மா இரண்டு நாள் சிரித்தா. முழங்கால் நோவும் குறைந்ததாம். சிரிப்பாலோ மன்றாட்டாலோ தெரியாது.

பெட்டிசம் வந்தது. கூட்டாமல் குறைக்காமல் மாற்றினேன். கழுதைகள் கண்ணீர் விட்ட இடத்தைச் சிங்களத்தில் எழுதும்போது என் பேனைக்கே வெட்கம் வந்தது. தேத்தண்ணி நேரத்தில் அதை ஒருவர் உரத்து வாசிக்க, கந்தோரே சிரித்தது. எங்கள் பெரிய கிளாக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நான் இங்கே வந்து மூன்று வருடம், அவருடைய பல்லை அன்றுதான் கண்டேன்.

சிரித்து முடித்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? மாதம் நானூறு பிள்ளை பிறக்கிற ஊருக்கு ஒரு மருத்துவமாது போதாது, இது ஆஸ்பத்திரி கட்டுகிற பகுதியின் வேலை என்று சிவப்புப் பென்சிலால் எழுதி, பைலை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டார். பகிடிக்கு அல்ல. எண் என்று ஒன்று எழுதியிருந்தால் அதன்படிதான் அவர் நடப்பார். மேல்மாடிக்கு ஏறிய பைல் இறங்கி வந்ததை இங்கே ஒருவரும் கண்டதில்லை.

மாமா, யாரை மனதில் வைத்து எழுதினீர்கள்? பெருநாளுக்குக் கூடிய சனத்துக்கு முன்னால் ஏறி நின்று எழுதியதுபோல் இருக்கிறது. வாசிக்கிறவர் ஒரேயொரு ஆள். பத்து மணிக்குள் அறுபது கடிதம் பார்க்கவேண்டியவர். நானூறையும் கழுதையையும் நண்டையும் எடுத்துவிட்டு மறுபடி எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் அந்த நாற்பத்து மூன்று வயதுப் பெண்ணை எடுங்கள். கழுதை அழுததை நம்பினாலும் அதை ஒருவரும் நம்பமாட்டார்கள்.

மாமி உங்கள் கடிதத்தின் அடியில் எப்போதும் இரண்டு வரி எழுதுவாவே, இம்முறை ஏன் இல்லை?

அன்புடன்,
அன்ரோனெற்

•

பெருக்கடி,
10.02.1967

இயேசு மரி சூசை

இலக்கியத்தின் கழுத்தில் கத்தி வைத்த மருமகளுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கண்ட அன்று எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் முறை போட்டதுதான் இறங்கியது.

ஆனால் நீ சொன்னதில் ஒரு விசயம் மண்டைக்குள் நின்று குடைகிறது. வாசிப்பவர் ஒரேயொரு ஆள் என்றாயே. பெரிய பாரைக்குப் போடுகிற வலையில் சின்னச் சூடை நிற்குமா? கண்ணுக்குள்ளால் போய்விடும். இவ்வளவு காலமும் என்ன மீனென்று பாராமல் அல்லவா வலை வீசியிருக்கிறேன். ஆகவே எனக்கு அந்த மனிசனைப் பற்றி எல்லாம் எழுது. உறைப்புத் தின்பவரோ? யன்னலடியில் இருக்கிறாரோ, விசிறிக்குக் கீழேயோ? தாய் உயிரோடோ? கடிதத்தை மேலிருந்து வாசிப்பாரோ, அடியில் ஒப்பத்தைப் பார்த்துவிட்டு மேலே வருவாரோ? என் வாழ்நாளில் ஒரு மீனையும் பற்றி இவ்வளவு அறிய ஆசைப்பட்டதில்லை.

உன் பதில் வரும்வரை சும்மா இருக்கக்கூடாதென்று, நீ சொன்ன அளவில் அவருக்கென்றே தைத்த இரண்டாம் பெட்டிசத்தை அனுப்பிவிட்டேன். ‘கருணைச் சமுத்திரமே, சிவப்புப் பென்சிலைச் செங்கோலாய் ஏந்திய சீமானே’ என்று தொடங்கும். எருக்கலம்பிட்டியிலிருந்து கருவாடு எடுக்க வருகிற அப்துல் றசாக்குக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, “கிறகரியண்ணை, இந்தக் கடுதாசியில நான் கருவாடும் சுத்த மாட்டன். எண்ணெய் கூடிப்போச்சு” என்றார். கருவாட்டு வியாபாரிக்கு என்ன தெரியும்?

மாமிக்குக் கருவாட்டுப் பந்தலில் வேலை. எழுத நேரமில்லை.

ஒரு பொது அறிவுக்காகக் கேட்கிறேன். நாற்பத்து மூன்று வயதில் முதற்பேறு என்றால் உங்கள் கந்தோர்ப் புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறது? எழுத்தை மெருகூட்டத்தான். வேறொன்றுமில்லை.

கிறகரி மாமா

•

கொட்டாஞ்சேனை,
22.02.1967

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உங்கள் செங்கோல் என்னை வேலையிலிருந்து தூக்கப் பார்த்தது. “நான் சிவப்புப் பென்சிலால எழுதுறது மன்னாரில இருக்கிற ஆளுக்கு எப்பிடித் தெரியும்?” என்று பெரிய கிளாக்கர் கேட்டார். கந்தோர் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் மேசை லாச்சியைத் திறந்து இல்லாத ஒன்றைத் தேடினேன்.

அவர் உறைப்புத் தின்பவர். வாழையிலையில் சோறு கட்டி வருவார். தாய் இருக்கிறா, வாரத்துக்கொருமுறை போய்ப் பார்ப்பார். கடிதத்தை அடியிலிருந்துதான் வாசிப்பார், நீங்கள் எப்படி அறிந்தீர்கள்? புகழ்ச்சியைக் கண்டால் பக்கத்தைப் புரட்டுவார். கல்நெஞ்சன் என்று நினைக்காதீர்கள். அறுபது கடிதத்திலும் அவர் தேடுவது ஒன்றைத்தான்: ‘இதில் நான் என்ன செய்யலாம்?’ அது எழுதியிருந்தால் செய்வார். எழுதியிராவிட்டால் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

போன மாதம் மலைநாட்டிலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. ஐந்து வரி. தோட்டத்தின் பெயர், எத்தனை பேர் பிள்ளைத்தாய்ச்சி, எந்த மாதம், எவ்வளவு தூரம், யாரை அனுப்பவேண்டும். அவ்வளவுதான். இரண்டு கிழமையில் காரியம் முடிந்தது.

ஒப்பங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: “நூற்றிப் பன்னிரண்டு பேரும் ஆம்பிளையள். இந்த ஊரில பிள்ளை பெறுறது ஆம்பிளையளோ?” உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

யூலையில் புதிதாகப் படித்து வெளியேறும் மருத்துவமாதுகள் ஆறு பேர். கேட்டிருக்கிற ஊர்கள் முப்பது. ஆபத்தான பேறு இருக்கிற ஊருக்கு முதலிடம். இதை மனதில் வைத்து எழுதுங்கள்.

நீங்கள் கேட்ட வயதில் முதற்பேறு என்றால் ஆபத்து அதிகம், ஆறாம் மாதம் தொடக்கம் மாதம் இருமுறை தேர்ந்த ஆள் பார்க்கவேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைத்தான் எடுத்துவிட்டீர்களே, பிறகேன் இது?

அன்புடன்,
அன்ரோனெற்

•

பெருக்கடி,
20.03.1967

இயேசு மரி சூசை

அன்ரோனெற் பிள்ளைக்கு,

சுகம். மூன்றாம் பெட்டிசம் இத்துடன் வருகிறது. என் பதினாலு வருட எழுத்தூழியத்தில் இதைப்போல் கேவலமான ஒன்றை நான் எழுதியதில்லை. ஒரு பொய்கூட இல்லை. வீடு தொண்ணூற்றாறு. பிள்ளைத்தாய்ச்சிகள் பதினொரு பேர். பதினொன்று என்று எழுதக் கை கூசியது. நூற்றிப் பத்து என்று வாசித்தால் எவ்வளவு கம்பீரம்.

பெண்களிடம் ஒப்பம் வாங்க வீடு வீடாகப் போனேன். படலைக்குள் வரும்போதே “அவர் கடலுக்குப் போயிட்டார், பின்னேரம் வாங்கோ” என்றார்கள். “அவற்ற ஒப்பம் இல்லை, உன்ர ஒப்பம்” என்றால் சிரிக்கிறார்கள். றோசலின் கேட்டாள்: “அண்ணை, வண்டிலுக்க பெறேக்க ஒருத்தரும் என்னட்ட ஒப்பம் கேக்கேல்லை. இப்ப என்னத்துக்கு?” அவளும் மற்றவர்களும் ஒப்பம் வைக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளின் பெயரும் வயதும் மாதமும் மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன்.

வேறு விசேஷமில்லை. கழுதை விடுதியிலேயே இருக்கிறது.

கிறகரி மாமா

•

கொட்டாஞ்சேனை,
03.04.1967

அன்புள்ள மாமாவுக்கு,

ஈஸ்தர் நல்லபடி கழிந்ததா? நாங்கள் சுகம்.

உங்கள் மூன்றாம் பெட்டிசத்தைப் பெரிய கிளாக்கர் புரட்டாமல் வாசித்தார். அது பெரிய விசயம். வாசித்துவிட்டு ஓரிடத்தில் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பித் தந்தார். பதினொரு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். கீழே பெயர்கள் பத்துத்தான்.

நான் நாலுதரம் எண்ணினேன். பத்துத்தான்.

“ஒண்டில் எண்ணிக்கை பிழை, இல்லாட்டி ஒரு பொம்பிளை காணாமல் போயிட்டா. எதெண்டு கேளுங்கோ” என்றார். எண்ணிக்கை பொய்யென்றால் ஊர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். பதில் மே முடிவதற்குள் வரவேண்டும்.

இன்னுமொன்று. அம்மா உங்கள் முதற்கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தா. இந்த முறை சிரிக்கவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா. ஏனென்று கேட்டேன். “முழங்காலுக்கு” என்றா.

மாமா, பதினோராவது ஆள் யார்?

அன்புடன்,
அன்ரோனெற்

•

பெருக்கடி,
18.04.1967

இயேசு மரி சூசை

துப்பறியும் மருமகளுக்கு,

பதினோராவது ஆள் ஓர் ஆவுளியா. பால் கொடுக்கிற கடற்பிராணி, பெண்ணைப்போல் நெஞ்சுடையது, எங்கள் துறைக்கு வந்து தலையை நீட்டி மருத்துவமாது வந்தாவோ என்று விசாரித்துவிட்டுப் போகும். பெயர் கேட்டேன், வெட்கப்பட்டு முங்கிவிட்டது.

பகிடியை விடு. பத்து என்று திருத்திவிடு. எனக்கு எண்ண வராது என்று உன் பெரியவரிடம் சொல். பதினாலு வருட காரியதரிசிக்கு எண்ண வராது என்று எழுத்தில் வேண்டுமானாலும் தருகிறேன்.

சுகம். எல்லோரும் சுகம்.

கிறகரி மாமா

•

கொட்டாஞ்சேனை,
02.05.1967

அன்புள்ள மாமாவுக்கு,

பத்து என்று திருத்தினேன். ஊர் ஒன்பதாம் இடத்தில் நிற்கிறது. மருத்துவமாதுகள் ஆறு பேர். உங்களுக்கு எண்ண வராது என்று சொன்னீர்கள், ஆகவே நானே சொல்கிறேன்: பெருக்கடிக்கு இல்லை.

சுகம் சுகம் என்று எழுதுகிறீர்கள். முன்பெல்லாம் உங்கள் சுகத்தையே ஒரு பக்கத்துக்கு எழுதுவீர்கள், கொட்டாவி விட்டதையும் சேர்த்து. மாமியின் கையெழுத்தைக் கண்டு ஐந்து மாதம்.

எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்ன அந்தப் பெண் மெய்யாக இருந்தால், மாமா, அவதான் முதல் வரியில் நின்றிருக்க வேண்டியவ. மே முப்பத்தொன்று வரை வரிசையை மாற்றலாம்.

அன்ரோனெற்

•

பெருக்கடி,
24.05.1967

இயேசு மரி சூசை

அன்புள்ள மகள் அன்ரோனெற்றுக்கு மாமி பெற்றிசியா எழுதுவது.

நீயும் மச்சாளும் சுகமாயிருக்க மாதா துணை. உன் கடிதங்களை உன் மாமா சங்கத்து அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். திறப்பை எங்கே ஒளிப்பார் என்று எனக்கு இருபத்திரண்டு வருடமாகத் தெரியும்.

பதினோராவது ஆள் நான்தான்.

உனக்குத் தெரியாது, மச்சாளுக்குத் தெரியும். முன்னம் இரண்டுமுறை மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போனது. இரண்டுமுறையும் உன் மாமா ஊரைக் கூட்டிச் சொன்னவர். பிறகு “என்ன நடந்தது பிள்ளை” என்று கேட்ட ஊருக்கெல்லாம் பதில் சொன்னது நான். ஆகவே இந்தமுறை, ஏழு மாதம் கழியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்று மாதாவின் சுரூபத்தில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். பந்தலுக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. வாதம் என்று சொல்லி வீட்டோடு இருந்தேன்.

அந்த மனிசனுக்குச் சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் ஏலாது. அதனால் உலகமெல்லாம் கேட்கும்படி, ஒருவரும் நம்பாத இடத்தில் கொண்டுபோய் எழுதி வைத்தார். நான் அந்தப் பெட்டிசத்தைக் கண்டுவிட்டுக் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, சத்தியத்தை மீறிப்போட்டியள்.”

“என்ர பெட்டிசத்தை ஆர் நம்பினது? நம்பாததைச் சொன்னால் அது சொன்னதில்லை.”

“மாதாவும் நம்பமாட்டாவோ?”

பிறகு நீ உண்மை எழுதச் சொன்னாய். பத்துப் பெயர் எழுதினார். பதினோராவதுக்குப் பேனையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு, எழுந்து வெளியே போனார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தொகையைப் பத்தாக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

ஏழு மாதம் கழிந்து இன்றைக்கு மூன்று நாள். நானே வீடு வீடாகப் போனேன். வயிற்றைக் கண்டுவிட்டு றோசலின் வாயில் கை வைத்தாள். பிறகு, “இப்பதான் கேக்கவேண்டிய ஆள் கேக்குது” என்று முதல் ஒப்பம் வைத்தாள். நாற்பத்தொரு பெண்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். கடிதத்தை மற்றப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பிழையிருந்தால் திருத்தாதே, அப்படியே கொடு.

‘ஐயா, என் பெயர் கிறகரி பெற்றிசியா. வயது நாற்பத்து மூன்று. ஏழு மாதம் முடிந்தது. முன்னம் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஓகஸ்ட் நடுப்பகுதியில் பேறு. எங்கள் ஊரிலிருந்து பேசாலைக்கு வண்டிலில் ஒன்றரை மணித்தியாலம், பிறகு மன்னாருக்குப் பஸ். மருத்துவமாதுவின் விடுதியிலிருந்த கழுதையைத் துரத்தி, கழுவி, சுண்ணாம்பு அடித்துவிட்டோம். திறப்பு என்னிடம் இருக்கிறது. யூலையில் ஒருவரை அனுப்புங்கோ. அவ தனியே இருக்க விடமாட்டோம். ஒப்பம் வைத்த நாற்பத்தொரு பேரும் முறைவைத்துச் சோறு கொடுப்போம்.’

உன் மாமாவுக்கு நான் எழுதியது தெரியாது.

மாமி

•

கொட்டாஞ்சேனை,
14.06.1967

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

அம்மா முழங்காலை மறந்துவிட்டா. மாமிக்கு என்ன தின்னக் கொடுக்கவேண்டும் என்று இரண்டு தாளில் எழுதி இத்துடன் அனுப்புகிறா.

மாமியின் கடிதத்தை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மாற்றி, மேசையில் வைத்தேன். பெரிய கிளாக்கர் அடியிலிருந்து தொடங்கினார். பெருவிரல் அடையாளங்களை எண்ணினார். மேலே வந்து வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“இது அந்தக் கழுதை அழுத ஊரல்லோ?”

“ஓம் ஐயா.”

“அப்ப அந்த நாற்பத்து மூண்டு வயது மனிசி மெய்யோ?”

“மெய் ஐயா.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. “நான் அதுக்குத்தான் கூடச் சிரிச்சனான்” என்றார். எனக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை, அதை முதலில் எடுங்கள் என்று எழுதியவள் நான்.

பிறகு அவர் சொன்னதைக் கேளுங்கள். ஊருக்கு ஆள் அனுப்புவதில் அவருக்குக் கஷ்டமில்லையாம். அனுப்பிய பிள்ளைகள் தனியே இருக்கப் பயந்து ஒரு மாதத்தில் மாற்றல் கேட்டு ஓடிவருவதுதானாம் கஷ்டம். முப்பது ஊர்க் கடிதங்களில் ஒருவரும் அதைப் பற்றி எழுதவில்லை. “இந்த அம்மா நான் கேளாத கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறா” என்று சொல்லி ஒப்பமிட்டார். மாமிக்கு இது எப்படித் தெரியும் என்று இன்னும் யோசிக்கிறேன்.

மருத்துவமாதுவாக ஹிதாயா என்ற பிள்ளை யூலை மூன்றாம் திகதி வருகிறா.

ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது மாமா. மேல்மாடிக்குப் போன உங்கள் நானூறு பிள்ளைப் பைல் உயிரோடு இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நிலம் பார்க்க ஓகஸ்டில் ஆட்களை அனுப்பப்போகிறார்களாம். என்னால் நிறுத்த முடியவில்லை. அவர்கள் வரும் நாளில் நீங்கள் கடலில் இருப்பது நல்லது.

அன்புடன்,
அன்ரோனெற்

•

பெருக்கடி,
20.08.1967

இயேசு மரி சூசை

மகள், சுகமாயிருக்கிறேன். மச்சாள் சொன்னதெல்லாம் தின்றேன்.
மிச்சத்தை அவர் சொல்லுவார், நீ நம்பாதே. — மாமி

மேற்படி இரண்டு வரியும் இம்முறை மேலேதான் வரவேண்டும் என்று கட்டளை. நான் பணிந்துவிட்டேன்.

மருமகளே, ஹிதாயா மிஸ்ஸி வந்திறங்கினா. நாற்பத்தொரு பெண்களும் ஆளுக்கொரு சோற்றுப் பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். பழைய குடியிருப்பாளரான கழுதையும் வந்து யன்னலடியில் நின்று தன் உரிமையைக் கோரியது. மிஸ்ஸி அதற்கும் ஒரு வாய் சோறு கொடுத்தா. அன்றிலிருந்து அது விடுதிக்குக் காவல்.

ஓகஸ்ட் பதினோராம் திகதி காலமை மாமிக்கு நோவெடுத்தது. மிஸ்ஸி பார்த்துவிட்டு வெளியே வந்து, “ஐயா, இது இஞ்ச வைச்சுப் பாக்கிற பேறில்லை. மன்னாருக்குக் கொண்டுபோகோணும். இப்பவே” என்றா. அப்துல் றசாக்கின் லொறி சிலாவத்துறைக்குப் போயிருந்தது. வண்டில் மாடு இரண்டும் நோவுச் சத்தம் கேட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டன. மருமகளே, பதினாலு வருடமாக எழுதின எனக்கு அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. ஒழுங்கையில் போய் நின்றேன்.

அப்போது புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு உத்தியோகத்தர்கள். கையில் அளக்கிற சங்கிலி.

“மாசம் நானூறு பிள்ளை பிறக்கிற ஊர் இதுதானோ?”

“ஓம் ஐயா. முதலாவது இப்ப பிறக்கப்போகுது. மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் பிறகு பேசுவம். ஜீப்பைத் திருப்புங்கோ.”

அந்த ஜீப் நிலத்தில் ஓடவில்லை. பேசாலைக்கும் மன்னாருக்கும் நடுவில் சில்லு நாலும் இரண்டுதரம்தான் மண்ணில் பட்டன. தீவின் கழுதைகள் அத்தனையும் இருபக்கமும் அணிவகுத்து நின்று தலை வணங்கின. எதிரில் வந்த பஸ் பயந்து பின்பக்கமாகவே மன்னாருக்குத் திரும்பிப் போனது. ஆவுளியா கடலுக்குள் எங்களோடு சமமாக நீந்தி வந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று, மிஸ்ஸியிடம் வணக்கம் சொன்னது. பிள்ளை பிறந்தபோது போட்ட சத்தத்தில் பெருக்கமரங்களின் இலையெல்லாம் உதிர்ந்தன. அளக்க வந்தவர்கள் சங்கிலியை விட்டுவிட்டு, பெண்பிள்ளைக்குத் தொட்டில் கட்டக் கயிறு தேடி ஓடினார்கள்.

இதில் எதையும் நீ நம்பவேண்டாம். ஜீப்பையும் நம்பவேண்டாம், உண்டா இல்லையா என்று மேல்மாடியில் போய் விசாரித்துக்கொள். ஆனால் உன் பெரிய கிளாக்கருக்கு நான் ஒரு மெய் கடமைப்பட்டவன், வாசிக்கும்போது அவருக்கு மாற்றிச் சொல்: இவ்வளவு கதையிலும் ஒரு சின்னப் பகுதி உண்மை. அது ஐந்தரை இறாத்தல். இந்தக் கடிதத்தை எழுதவிடாமல் என் இடது கையில் நித்திரை கொள்கிறது.

கிறகரி மாமா